மொட்டைக்குக் கணக்கு உண்டு

திருமலையில் நேற்று எத்தனை பேர் சாமி பார்த்தார்கள், எத்தனை பேர் மொட்டை போட்டுக்கொண்டார்கள், உண்டியலில் எத்தனை கோடி விழுந்தது என்ற மூன்று கணக்கும் இன்று காலை நாம் பல் தேய்த்து முடிப்பதற்குள் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் தலைகள் இருந்தாலும் கடைசிச் சொச்சம்வரை சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்ட சாமி, கணக்கில் சுத்தமாகத்தான் இருப்பார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதே மலைக்குக் கீழே, அதே இரவில், தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளப் பார்த்து, நல்லவேளையாக உயிரோடு கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனை பேர்? திருப்பதி மாவட்டத்தில் எத்தனை, சித்தூர் மாவட்டத்தில் எத்தனை? கேட்டுப் பாருங்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் எஸ்.பி. ஆபீஸைக் காட்டுவார்கள். அங்கே போனால், "செத்தவங்க கணக்குதான் எங்ககிட்ட. பொழச்சவங்கன்னா டி.எம்.எச்.ஓ.வைக் கேளுங்க" என்பார்கள். மாவட்ட மருத்துவ, சுகாதார அதிகாரியான அந்த டி.எம்.எச்.ஓ.வின் ஆபீஸில், "அது எம்.எல்.சி. சார், மெடிக்கோ-லீகல் கேஸ், போலீஸ் மேட்டர்" என்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருப்பீர்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஒவ்வொரு கேஷுவாலிட்டி வாசலிலும் ஓர் உண்டியலை வையுங்கள். இப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தலைக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று உத்தரவு போடுங்கள். விடிவதற்குள் கணக்கு வந்துவிடும். ஆடிட்டும் நடக்கும்.

ஆந்திர அரசுக்கு எண்ணத் தெரியாது என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். 'ரியல் டைம்' ஆட்சிக்கென்றே 2017-இல் தனி அமைப்பு வைத்த மாநிலம் இது. முதல்வர் மேசையில் டாஷ்போர்டு. 2025 ஜனவரியிலிருந்து வாட்ஸ்அப்பிலேயே அரசாங்கம். இடையில் ஐந்தாண்டு ஆண்டவருக்கு டாஷ்போர்டுக்குப் பதில் ஆள்: ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர். ஒன்றாம் தேதி விடியற்காலை வாசலில் நின்று பென்ஷன் கொடுத்துவிட்டுக் கைரேகை வாங்கிக்கொண்டு போவார். அந்த ஐம்பது வீட்டில் யார் வீட்டில் யார் மருந்து குடித்துப் பிழைத்து வந்தார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. அவர் கையிலிருந்த செயலியில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சாந்திபுரம் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். குப்பம் தொகுதி. 1989 முதல் ஒரே எம்.எல்.ஏ., அவரே இன்றைய முதல்வர். 2025-இல் இதே மண்டலத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்திருக்கிறார். அதே ஆண்டு குப்பம் ஏரியா மருத்துவமனையில் டாட்டாக்காரர்களோடு சேர்ந்து டிஜிட்டல் நரம்பு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். மூலை முடுக்கிலிருக்கும் சுகாதார நிலையம்வரை நரம்பு போகிறது என்று சொன்னார்கள். சந்தோஷம். அந்த நரம்பில் இந்த வலியும் ஏறுமா, இல்லை சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மட்டும்தானா என்று தொகுதிக்காரர்கள் கேட்கலாம். அடுத்த வீட்டுக்காரர் என்ற உரிமையிலாவது கேட்கலாம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. நோய்க் கண்காணிப்புக்காக 2004-இல் தொடங்கிய ஐ.டி.எஸ்.பி. திட்டத்தில் டாக்டர்கள் நிரப்புவதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் நாய்க்கடிக்கு ஒரு வரி, பாம்புக்கடிக்கு ஒரு வரி. 2024 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்குங்கள் என்று மாநிலங்களுக்கெல்லாம் எழுதியது. மிக நல்ல காரியம், பாம்புக்கு நல்ல காலம். நாய் கடித்தால் எண்ணுவோம், பாம்பு கடித்தால் எண்ணுவோம், புருஷனும் கந்துக்காரனும் பரீட்சை ரிசல்ட்டும் கடித்தால் மட்டும் எண்ண மாட்டோம்.

எண்ணாமல் எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதுதான். சாந்திபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண், பத்தொன்பது வயது இருக்கும். கட்டிலில் கிடக்கிறாள், கண் திறந்திருக்கிறது, கையில் டிரிப்ஸ். கால்மாட்டில் அம்மா. விவரம் தெரிந்தவர் என்று பெரியப்பாவை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவுட்போஸ்ட் ஏட்டு கார்பன் தாளைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, நம் பக்கத்துத் தெலுங்கு கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"என்னம்மா எழுதட்டும்?"

"வயித்து வலின்னு போட்டுக்கங்க சார்."

"வயித்து வலிக்கு யாராச்சும் அதைப் போய்க் குடிப்பாங்களாம்மா?"

பெரியப்பா குறுக்கே வந்தார். "கரெண்ட் இல்லைங்க சார். இருட்டுல டானிக்குன்னு நெனச்சிட்டா."

"இருட்டு. டானிக்கு. ம்." ஏட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, குரலை இறக்கி, "நாளைக்கு வரன் வரவேணாமா பொண்ணுக்கு? இதான் நல்லது" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அன்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே கொஞ்சம் இரக்கத்தோடு பேசியவர் அவர்தான்.

அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பற்றிய காகிதம், அவள் காதுபட, அவளை விட்டுவிட்டு முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வாரம் கழித்துப் பொது மருத்துவப் பிரிவில் காட்டவும் என்று எழுதியிருந்தார்கள். மனநல டாக்டரிடம் அனுப்பலாமே என்று நர்ஸ் ஒருவர் சொன்னதற்கு, "எங்க பொண்ணு என்ன பைத்தியமா?" என்று அம்மா அழுதார். கட்டிய பில்லில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது, பஞ்சுக்குக்கூடத் தனி வரி.

இந்த வயிற்று வலி இருக்கிறதே, அது தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுச் சொத்து. ஐம்பது வருடப் பத்திரிகையைப் புரட்டுங்கள், 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த' என்ற தொடர் இல்லாத மாதம் இருக்காது. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு கொடிய வயிற்று வலி கிடையாது. நியாயமாகப் பார்த்தால் தென்னிந்திய இளம்பெண்களின் வயிற்றை ஆராயத் தனிப் பல்கலைக்கழகமே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை, ஏனென்றால் எழுதியவருக்கும் தெரியும், எழுதச் சொன்னவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும்.

பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததே சட்டம்தான். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை என்றது. செத்துவிட்டால் குற்றமில்லை, பிழைத்தால் குற்றவாளி. வெள்ளைக்காரன் தன் ஊரில் 1961-லேயே இதை எடுத்துவிட்டான். நாம் பாசத்தோடு வைத்துக்கொண்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. அத்தோடு நிற்காமல், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி நேராமல் பார்ப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்த புதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. கேஷுவாலிட்டியில் இன்றும் முதல் கேள்வி "போலீசுக்குச் சொன்னீங்களா?" காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகுமோ என்ற கவலை அதற்கு மேல். சில தனியார் ஆஸ்பத்திரிகளில் வாசலிலேயே, "கேஸ் ஆவும், பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

யோசித்துப் பாருங்கள். அரசுக்குக் கடமை இருக்கிறது. ஆனால் யாருக்குச் செய்யவேண்டிய கடமை என்ற பட்டியல் இல்லை. கடன் இருக்கிறது, கடன்காரன் பெயர் மட்டும் நோட்டில் இல்லை. நிதித்துறைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எண்ணியவர்கள் இல்லாமலில்லை. நமக்கு அடுத்த வேலூரில், கணியம்பாடி ஒன்றியத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக சுகாதாரப் பிரிவு கிராமம் கிராமமாகச் சாவுகளைப் பதிவுசெய்து காரணம் விசாரித்தது. 1994 முதல் 1999 வரையிலான கணக்கு 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது: ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 தற்கொலைச் சாவுகள். அதே காலத்தில் போலீஸ் கணக்கை வைத்து நாடு முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்த விகிதம் பத்து, பதினொன்று. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் அதே ஒன்றியத்தின் 10 முதல் 19 வயதுக்காரர்களைப் பற்றி எழுதினார்கள். பையன்களில் லட்சத்துக்கு 58, பெண் பிள்ளைகளில் 148. அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கு மேல் இப்படிப் போனவை. கணியம்பாடி தனிக் கிரகம் இல்லை, சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் காட்பாடியைத் தாண்டி இறங்கிவிடலாம். அந்த ஒன்றியத்துக்கு மட்டும் சாபமா? அங்கே ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார், மற்ற இடங்களில் ஏட்டு எழுதினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சாவுக் கணக்கிலேயே இந்த லட்சணம். 2010-இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது 1,34,599. 'பத்து லட்சம் சாவு ஆய்வு' என்ற ஆய்வை வைத்து ஆராய்ச்சியாளர்கள் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் மதிப்பிட்டது ஏறத்தாழ 1,87,000. ஒரே ஆண்டில் ஐம்பதாயிரம் பிணங்கள் காகிதத்தில் காணாமல் போயின. (ஐம்பதாயிரம் மொட்டை விடுபட்டிருந்தால் சட்டசபை நடந்திருக்குமா?) 2022-இல் காப்பகத்தின் கணக்கு 1,70,924. ஒரு சாவுக்கு இருபதுக்கு மேல் முயற்சிகள் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பெருக்கினால் முப்பத்துநான்கு லட்சம். இந்த முப்பத்துநான்கு லட்சத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் நம் கைக்கு எட்டுகிறவர்கள். ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பதும், வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் மிகவும் மோசம் என்பதும் இந்தத் துறையின் பாலபாடம். கைக்கு எட்டியவரை, அந்தச் சில வாரங்களுக்கு முன்பாக, நாம் டானிக் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்.

எல்லைக்காரர்கள் என்பதால் நமக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மாவட்டத் தலைநகர் சித்தூர் சாந்திபுரத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், திருப்பதி அதற்கும் அப்பால். ஆபத்துக்கு யார் அங்கே போவார்கள்? குப்பம் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் கோலார், இல்லையென்றால் கிருஷ்ணகிரி, கையில் கொஞ்சம் காசிருந்தால் வேலூர், நிலத்தை அடகு வைத்தால் பெங்களூர். கர்நாடகம் சொல்லும், ஆந்திரக்காரர். தமிழ்நாடு சொல்லும், ஆந்திரக்காரர். ஆந்திரம் சொல்லும், எங்களிடம் வரவே இல்லை. மூன்று மாநிலத்துக்கும் ஓட்டுக்கு வேண்டுமானால் எல்லைக்கோடு பென்சில் முனையளவு துல்லியம். உயிர் பிழைத்தவன் மட்டும் எந்தப் பக்கமும் சேராதவன்.

இதெல்லாம் தில்லிக்குத் தெரியாதா என்றால், தெரியும். 2022 நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி என்று ஒன்றை வெளியிட்டார்கள். 2030-க்குள் சாவை 10 சதவீதம் குறைப்போம் என்றார்கள். அதற்கு முதல் படி, மூன்றாண்டுக்குள் கண்காணிப்பு ஏற்பாடு. மூன்றாண்டு என்பது 2025 நவம்பர். அங்கங்கே ஆராய்ச்சிக்காரர்கள் சொந்த முயற்சியில் எண்ணுவதைத் தவிர, நாடு முழுவதற்குமான ஆஸ்பத்திரிப் பதிவேடு என்று ஒன்று என் கண்ணில் படவில்லை. உங்கள் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள், டி.எம்.எச்.ஓ. ஆபீஸுக்குத் தேவைப்படும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுகிறேன். 1995-இல் அங்கே லட்சத்துக்கு 47 பேர், உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. எந்தெந்தப் பூச்சிமருந்தில் ஆட்கள் பிழைக்காமல் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரிகளிலிருந்தே தெரிந்தது. அந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இருபதாண்டில் சாவு விகிதம் 70 சதவீதம் விழுந்தது. விளைச்சல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யாரும் திடீரென்று சந்தோஷமாகிவிடவில்லை. கோபத்தில் கை நீட்டியபோது கிடைத்தது கொல்லாத மருந்தாக இருந்தது, பிழைத்தார்கள், மறுநாள் கோபம் ஆறியது. நம் ஊரில் என்ன நிலை? 1968-ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மாநில அரசு ஒரு மருந்தைத் தடுத்து நிறுத்தலாம், 60 நாளைக்கு. அதற்குள் விசாரணை முடியவில்லை என்றால் இன்னும் 30 நாள். நிரந்தரத் தடை தில்லியின் கையில். தொண்ணூறு நாளைக்கு மட்டும் யாரும் மனம் உடையாதீர்கள் என்று தண்டோரா போட்டுவிட்டால் சட்டம் கச்சிதமாக வேலை செய்யும்.

செலவாகும் என்று ஒரு சாக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் நடத்திய ஆய்வு 2008-இல் வந்தது. முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னால் தற்கொலையில் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. ஒன்பது போன். லோன் வாங்குகிறீர்களா என்று ஒரே நாளில் நமக்கு வருகிற போன் அதைவிட அதிகம்.

ஆள் பலம் இல்லை என்று இன்னொரு சாக்கு வரும். அயர்லாந்து ஒரு முழு நாடு, ஜனத்தொகை ஐம்பது லட்சத்துச் சொச்சம். சித்தூரும் திருப்பதியும் சேர்ந்தால் 2011 கணக்கிலேயே நாற்பது லட்சம். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், ஒரே வரையறையை வைத்து, பெயர் வெளியே போகாமல், இப்படி வந்தவர்களை எண்ணுகிறார்கள். 2006 முதல் பொது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் எல்லாம் அந்தப் பதிவேட்டில். எந்த வயதில், எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் கூடுகிறது என்று வருடா வருடம் வெளியிடுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் அதற்கான குறியீடுகூடத் தயாராக இருக்கிறது. சர்வதேச நோய்ப் பட்டியலில் எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை. போடுவதற்குத்தான் விரல் கூசுகிறது.

உண்மையான சாக்கை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். எண்ண ஆரம்பித்த முதல் வருடம் எண்ணிக்கை கூடும். மறைந்திருந்தது தெரிய வருமே, கூடத்தான் செய்யும். அந்த வருடம் மாவட்டத்தில் இருக்கும் கலெக்டர் தலையில் அது விழும். 'இவர் காலத்தில் இரட்டிப்பு' என்று பேப்பரில் வரும், எதிர்க்கட்சி கொடி பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு கலெக்டரும் இந்தப் புண்ணியத்தை அடுத்த கலெக்டருக்கு விட்டுவைக்கிறார். பெருந்தன்மை பரம்பரை பரம்பரையாகத் தொடர்கிறது. செத்தவர்கள் இடமாற்றம் கேட்பதில்லை என்பது ஒரு சௌகரியம்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இரண்டு மாவட்டத்திலும் அரசு, தனியார் என்று பார்க்காமல் ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலும் ஏட்டின் நோட்டிலிருந்து பிரிந்த ஒரு நோட்டு. அதை எழுத ஒரு நர்ஸ். பெயர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரைத் தாண்டாது, போலீசுக்குப் போகாது, பெரியப்பாவுக்குப் போகாது. கோலாரும் கிருஷ்ணகிரியும் வேலூரும் மாதம் ஒருமுறை நம்மோடு எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஒப்பந்தம். வீட்டுக்குப் போனவருக்கு ஒன்பது போன். டாஷ்போர்டில் ஒரு கட்டம்.

படித்துக்கொண்டிருப்பவருக்கு, அல்லது அவர் வீட்டில் யாருக்காவது, இப்போது இந்தப் பாரம் இருந்தால் அரசாங்கம் எண்ணட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் உதவி எண், 14416. காசு கிடையாது, ராத்திரி பகல் இல்லை, தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். யாராவது பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தால் போய்ப் பாருங்கள். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நீ எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், சாலையும் தண்ணீரும் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: போன மாதம் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் பிழைத்து வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் போன் செய்தீர்கள்?